பழைய 6 அடி மீன் தொட்டி: சிலிக்கானை முதலில் பார்ப்பதா, மர ஸ்டாண்டையா?

கேள்வி

வணக்கம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் 12 மி.மீ. கண்ணாடி மீன் தொட்டி ஒன்று, மர ஸ்டாண்டோடு கைமாறி வந்திருக்கிறது. ரொம்ப நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்ததாம். உள்பக்க சிலிக்கான் (கண்ணாடியை ஒட்டும் பசை) மூலைகளில் உரிகிறது, கண்ணாடி முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. ஸ்டாண்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பின்னால் இடது காலடியில் மட்டும் பெயின்ட் உப்பியிருக்கிறது. நான் இதுவரை 2 அடித் தொட்டிதான் வைத்திருக்கிறேன். உரிந்த இடத்தில் மட்டும் சிலிக்கான் வைத்தால் போதுமா? ஸ்டாண்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு அப்படியே ஏற்றலாமா?

பதில் 1

ஸ்டாண்டில் இருந்து ஆரம்பியுங்கள். கண்ணாடியின் தடிமனைக் கழித்தாலும் 630 லிட்டர் பிடிக்கும், அதாவது தண்ணீர் மட்டுமே 630 கிலோ, கண்ணாடி 120 கிலோ, மணலும் கல்லும் போட்டால் 850 கிலோவைத் தாண்டிவிடும். பெயின்ட் உப்பிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது, அந்தக் காலை மாற்றியே ஆக வேண்டும், மேலே பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள்.

அப்புறம் மேல் சட்டம் எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். காலின் தலைமேல் உட்கார்ந்திருந்தால் நல்லது. காலின் பக்கவாட்டில் ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தால் மொத்த எடையும் அந்த நாலு ஸ்க்ரூவில்தான் தொங்குகிறது. அப்படியிருந்தால் ஒவ்வொரு காலோடும் ஒட்டினாற்போல், தரையிலிருந்து சட்டத்தின் அடிவரை முட்டுகிற மாதிரி இன்னொரு கட்டை கொடுங்கள். ஸ்டாண்ட் பக்கவாட்டில் ஆடாமல் இருக்க, பின்னால் ஒரு பிளைவுட் பலகையும் அடித்துவிடுங்கள்.

பதில் 2

சிலிக்கான் பற்றி: பழையதன்மேல் புதியது பிடிக்காது, அதனால் ஒட்டுப்போடுவது வீண் வேலை. உள்பக்க சிலிக்கான் முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுங்கள், கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் ஒட்டில் மட்டும் பிளேடு படக்கூடாது, தொட்டி நிற்பதே அதனால்தான். அந்த ஒட்டில் குமிழோ வெள்ளையாகப் பிரிந்த கோடோ தெரிந்தால் உள்பூச்சு உதவாது, தொட்டியைப் பிரித்து முழுசாக ஒட்ட வேண்டும்.

சுரண்டிய இடத்தை அசிட்டோன் போட்டுத் துடைத்து, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கானாகப் பார்த்து வாங்கிப் பூசுங்கள். குளியலறைக்கென்று விற்பதில் பெரும்பாலும் அந்த மருந்து இருக்கும், மீனுக்கு ஆகாது. ஒரு வாரம் காயட்டும். உப்புக் கறைக்கு வினிகரில் நனைத்த துணியை ஒட்டவைத்து ஊறவிடுங்கள், சோப்பு வேண்டாம்.

பதில் 3

மேலே சொன்னவற்றோடு ஒன்று. தொட்டியின் அடியில் பிளாஸ்டிக் ஃபிரேம் இல்லையென்றால் மட்டும் தெர்மாக்கோல் ஷீட் போடுங்கள், ஃபிரேம் இருந்தால் தேவையில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சாய்வு இருந்தால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில்தான் ஆப்பு கொடுக்க வேண்டும், தொட்டிக்கு அடியில் கொடுத்தால் எடை ஒரே இடத்தில் இறங்கிக் கண்ணாடி விரிசல் விடும். பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் கூடவே வந்திருந்தாலும், மீன் கழிவின் நச்சை மாற்றும் நல்ல பாக்டீரியா எல்லாம் அதில் காய்ந்து செத்திருக்கும், அதனால் புதுத் தொட்டி மாதிரியே அந்த நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்து மீன் விடுங்கள். காப்பர் இறாலுக்கு விஷம், அதனால் இறால் வளர்க்கிற எண்ணம் இருந்தால், முன்பு அதில் காப்பர் மருந்து ஊற்றினார்களா என்று கொடுத்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஸ்க்ரூடிரைவர் வைத்துப் பார்த்தேன். ஊறிய அட்டையில் இறங்குகிற மாதிரி ஒரு அங்குலம் உள்ளே போய்விட்டது, வெளியே எடுத்தபோது முனையில் ஈரத்தூள் ஒட்டியிருந்தது. மேல் சட்டமும் பக்கவாட்டில் ஸ்க்ரூ போட்டதுதான். அதனால் நான்கு கால்களையுமே மாற்றுகிறேன். நடு ஒட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன், குமிழ் எதுவும் இல்லை, உள்பூச்சு மட்டும் புதிதாகப் போடப்போகிறேன். காய்ந்ததும் வெளியே சமதரையில் வைத்து, ஒரே நாளில் நிரப்பிவிடாமல் நாளுக்குக் கால்வாசியாக நிரப்பிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.