லிஸ்பனில் எந்தப் பக்கம் அறை எடுப்பது? அம்மாவுக்கு முழங்கால் வலி

தங்கச்சிமடம் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த ஜூன் மாதம் அம்மாவையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு லிஸ்பன் போக இருக்கிறேன். அம்மாவுக்கு 68 வயது. ஓரியூர்த் திருவிழாவுக்கு ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. அந்த ஓரியூரில் வேதசாட்சியாக உயிர்விட்ட புனித அருளானந்தர் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது அப்பா இருந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டுப் பேச்சு. அந்தோணியாரும் அதே ஊரில்தான் பிறந்தார் என்று பங்குச்சாமி சொன்னதிலிருந்து அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கச்சத்தீவுக்குப் படகில் போய்க் கும்பிட்ட சாமி. "பதுவை அந்தோணியார் என்றுதானே சொல்கிறோம், லிஸ்பன் எப்படி?" என்று கேட்டார். பிறந்தது லிஸ்பன், இறந்தது பதுவை என்று விளக்கினேன்.

ஜூன் ஏன் என்றால், அண்ணனுக்கு விசைப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போதுதான் அவருக்கு ஓய்வு. அந்தோணியார் திருநாள் ஜூன் 13. அதற்கு அங்கே இருந்தே ஆக வேண்டும் என்கிறார் அம்மா. 8-ஆம் தேதி இறங்கி 14 காலையில் கிளம்புவதாக யோசனை. ஆறு இரவுகள்.

எந்தப் பகுதியில் அறை எடுப்பது என்பதில்தான் குழப்பம். அந்தோணியார் கோயில் இருக்கும் அல்ஃபாமாவிலேயே தங்கச் சொல்கிறார்கள் சிலர். பைஷா நடுவில் இருக்கிறது என்கிறார்கள். மார்ட்டிம் மோனிஷ் பக்கம் நம் அரிசி, மசாலா எல்லாம் கிடைக்குமாம். அம்மா சமதரையில் அரை மணி நேரம் நடப்பார். ஆனால் பதினைந்து படி ஏறினால் உட்கார வேண்டும். சோறு இல்லாமல் இரண்டு நாள் தாண்ட மாட்டார். போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கீழக்கரை லாத்தா:

டீச்சர், அல்ஃபாமா வேண்டாம். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

உம்மா, வாப்பாவோடு போனபோது நான் அங்கேதான் வீடு பிடித்தேன். படத்தில் சன்னலைத் திறந்தால் ஆறு தெரிந்தது, அதில் மயங்கிவிட்டேன். டாக்சிக்காரர் ஒரு முக்கில் நிறுத்தி, இதற்கு மேல் வண்டி போகாது என்று கையால் காட்டினார். மேலே பார்த்தால் படிக்கட்டு. அது ஏதோ கட்டடத்தின் படி இல்லை, தெருவே படிக்கட்டு! இரண்டு பெரிய பெட்டி, லேசான தூறல், வழுவழுவென்று வெள்ளைக் கல். வாப்பா பாதி வழியில் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. ஏறி முடித்தால் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாடி என்பதை வீட்டுக்காரர் எங்கேயும் எழுதவில்லை, கேட்காதது என் தவறு. அந்த நாலு நாளில் வாப்பா இரண்டு தடவைதான் கீழே இறங்கினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது.

அடுத்த தடவை சாவ் செபாஸ்தியாவ் பக்கம் தங்கினோம். விமான நிலையத்தில் ஏறும் சிவப்பு மெட்ரோ அங்கேதான் போய் முடிகிறது, நடுவில் மாற வேண்டியதே இல்லை. அகலமான தெரு, லிஃப்ட் வைத்த கட்டடங்கள். எங்களுக்குப் பெரிய பள்ளிவாசலும் பக்கம். உங்களுக்கு ஃபாத்திமா மாதா கோயிலுக்குப் போகும் எண்ணம் இருக்கும். அந்த பஸ் கிளம்பும் செத்தே ரியோஸ் நிலையம் நீல மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம்தான். ஜார்டிம் ஜூலாஜிக்கு என்று இறங்க வேண்டும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

பாம்பன்காரன் (லிஸ்பனிலிருந்து):

டீச்சர், நான் பாம்பன் தெற்குவாடி. நாலு வருடமாக இங்கே ஒரு உணவகத்தில் சமையல் வேலை. லாத்தா சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் உங்கள் அம்மாவுக்கு இன்னொரு இடம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊரின் கிடப்பைப் புரிந்துகொள்ளுங்கள். நம் தீவில் மேடு என்றால் கந்தமாதன பர்வதம் ஒன்றுதான். இங்கே ஆற்றங்கரையை விட்டுக் கிளம்பினால் ஊர் முழுக்க அந்த மாதிரி மேடுகள், அதைவிடச் செங்குத்தாக. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாளன்று காலையில், சனமெல்லாம் பூசையில் இருக்கும்போது பூமி அதிர்ந்தது. பிறகு கடல் ஏறியது, பிறகு தீ. தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தனுஷ்கோடி அப்படியே கிடக்கிறது. இவர்கள் மட்டும் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். தாழ்வாக இருந்த பைஷாவைச் சதுரம் சதுரமாக அளந்து நேர்த்தெருவாகப் போட்டார்கள். அதனால்தான் பைஷா சமதரை. அல்ஃபாமா குன்றின் மேல் இருந்ததால் பெரும்பாலும் தப்பித்தது. தப்பித்ததால் பழைய சந்தும் படிக்கட்டும் அப்படியே இருக்கின்றன, வண்டி நுழைய வழியில்லை. பார்க்க அழகு. முழங்கால் வலிக்காரர் அங்கே இருந்து எழுந்து போவது கஷ்டம்.

இனி அல்வலாட். இது நகரத்தின் வடக்கே, 1940-களிலும் 50-களிலும் திட்டம் போட்டுக் கட்டிய பகுதி. தெருவெல்லாம் அகலம், மரநிழல், சமதரை. வயதானவர்கள் காலையில் ரொட்டி வாங்க நடந்து போகிற ஊர். அங்கே ஒரு சாலைக்குப் பெயரே அவெனிடா தா இக்ரேஜா, நம் பேச்சில் கோயில் ரோடு. அந்த ரோடு போய் முடியும் இடத்தில் நிற்கிற கோயில் யாருடையது தெரியுமா? சாவ் ஜுவாவ் டி பிரிட்டு. நம் அருளானந்தர். 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு எழுந்த கோயில். வந்த புதிதில் வேலை தேடி அலைந்தபோது ஒரு நாள் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். ஓரியூர் செம்மண்ணில் கால் வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அம்மா காலையில் எழுந்து, மேடு ஏறாமல், அவர் கும்பிடுகிற சாமியின் கோயிலுக்குத் தானாகவே நடந்து போய் வரலாம். யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். லிஸ்பனில் வேறு எந்தப் பகுதியிலும் இது அவருக்குக் கிடைக்காது.

வழி சுலபம். விமான நிலையத்தில் சிவப்பு மெட்ரோ, அலமேடாவில் இறங்கிப் பச்சைக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் அல்வலாட். பெட்டி அதிகம் என்றால் டாக்சியே பிடியுங்கள், விமான நிலையம் பக்கம்தான். அதே பச்சை வழியில் மாறாமல் ரோசியூ வரை போகலாம், அதுதான் பைஷா. ரோசியூவுக்கு ஒரு நிறுத்தம் முன்னால் மார்ட்டிம் மோனிஷ், அரிசியும் பருப்பும் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். தங்குவதற்கு அது வேண்டாம். பின்னாலேயே மொராரியா, அதுவும் மேடு.

சோற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் நன்றாகவே சோறு சாப்பிடுகிறவர்கள், நம் அளவுக்கு மீனும் சாப்பிடுகிறவர்கள். ஜூன் மாதம் எங்கே பார்த்தாலும் பேச்சாளை மாதிரி மீனைக் கல்லுப்பு போட்டு முழுசாகக் கரியில் சுடுவார்கள். சார்டின்யா என்று கேளுங்கள். காரம் இருக்காது, மிளகாய்ப்பொடி ஒரு பொட்டலம் கையில் இருக்கட்டும்.

அல்வலாட்டில் இரண்டு குறை உண்டு. விமானம் தலைக்கு மேலே இறங்கும், பகலில் சத்தம் கேட்கும். இன்னொன்று, மூன்று நாலு மாடிக் கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. அதனால் பணம் கட்டும் முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்: எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, தெரு வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. லிஃப்ட் இருக்கும், அதற்கு முன்னால் ஏழெட்டுப் படியும் இருக்கும். முகவரியில் ஆர்/சி என்று இருந்தால் தரைத்தளம். 1 என்று போட்டால் நம் ஊர்க் கணக்கில் முதல் மாடி. மெட்ரோ வரைபடத்தில் லிஃப்ட் உள்ள நிலையங்களுக்குக் குறி போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். அறை வாடகையோடு நகராட்சி வரி தனி, ஆளுக்கு இரவுக்கு 4 யூரோ.

திருநாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 12 இரவு அல்ஃபாமா, மொராரியா, கிராசா எல்லாம் விடிய விடிய ஆட்டம், பாட்டு, மீன் புகை. அம்மா அங்கே தங்கினால் ஒரு பொட்டுத் தூக்கம் இருக்காது. 13-ஆம் தேதி காலையில் சீக்கிரமாக டாக்சியில் பேராலயம் பக்கம் போய் இறங்குங்கள். அந்தோணியார் கோயில் அதை ஒட்டியே இருக்கிறது. அவர் பிறந்த இடம் என்று சொல்லும் நிலவறை கீழே இருக்கிறது, இறங்கப் படி உண்டு, மெதுவாகப் பிடித்து இறக்குங்கள். 1982-இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் வந்து செபித்த இடம். சின்னச் சின்ன ரொட்டி மந்திரித்துக் கொடுப்பார்கள், வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாலையில் சுற்றுப்பிரகாரம் அல்ஃபாமா தெருக்களில் போகும். அதில் நடக்க வேண்டாம், கோயில் வாசலிலேயே நின்று பார்க்கட்டும். 10-ஆம் தேதி நாட்டு விடுமுறை, 13 லிஸ்பனுக்கு விடுமுறை. ஃபாத்திமாவுக்கு 11 போங்கள். 13-இல் அங்கேயும் கூட்டம்.

மூக்கையூர்:

நான் 2023 ஆகஸ்டில் உலக இளையோர் தினத்துக்குப் போனேன். அது முடிந்து இரண்டு நாள் பைஷாவில் தங்கினேன். பாம்பன் அண்ணன் சொன்ன அல்வலாட் நல்ல இடம்தான், ஆனால் ஒன்று யோசியுங்கள். வயதானவர்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு அறைக்கு வந்து காலை நீட்ட வேண்டும். பைஷாவில் இருந்தால் பத்து நிமிடத்தில் வந்துவிடலாம், மாலையில் மறுபடி ஆற்றங்கரைக்குப் போகலாம். அல்வலாட்டிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை இறங்கி ஏறுவது சிரமம். பழைய மடமும் கோட்டையும் இருக்கும் பெலேம் பகுதிக்குப் போகும் 15 நம்பர் டிராமும் பைஷாவிலேயே, பிகெய்ரா சதுக்கத்தில் ஏறலாம். இரவில் சத்தம் உண்டு, வாடகையும் கூடுதல். 28 நம்பர் டிராமில் மட்டும் அம்மாவை ஏற்ற வேண்டாம். நிற்க இடம் இருக்காது, பிக்பாக்கெட்டும் உண்டு.

தங்கச்சிமடம் டீச்சர்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கோயில் ரோடு என்ற இடம் வந்ததும் "போதும், அங்கேதான்" என்று சொல்லிவிட்டார். மூக்கையூர் தம்பி சொன்னதை நானும் யோசித்தேன். நாளுக்கு ஒரு இடம்தான் பார்ப்பது, மதியத்துக்குள் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். ஆறு நாளுக்கு அது போதும்.

அல்வலாட்டில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு. வாசலிலிருந்து லிஃப்டுக்கு எத்தனை படி என்று கேட்டேன், மூன்று என்று பதில் வந்தது. பக்கத்தில் கைப்பிடி இருக்கிறதாம். இன்றைக்கு முன்பணம் கட்டுகிறோம்.

14 காலையில் கிளம்பினால் 15 தான் மதுரை வர முடியும். தடை முடிந்து கடலுக்குப் போகும் முதல் பாட்டுக்கு அண்ணன் இருக்க மாட்டார். அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டே இருந்தேன். அவரே, "டிரைவர் போய் வரட்டும், கடலுக்குப் போகும் டோக்கனை மச்சான் வாங்குவார். முதல் பாடு வருடா வருடம் வரும்" என்றார்.

பாம்பன் அண்ணா, இன்னும் ஒன்று. ஓரியூர் செம்மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து அந்தக் கோயிலில் வைக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார். விமானத்தில் விடுவார்களா?

பாம்பன்காரன் (லிஸ்பனிலிருந்து):

மண் கூடாது டீச்சர். வெளிநாட்டு மண்ணை ஐரோப்பாவுக்குள் விட மாட்டார்கள், பயிர் நோய் வரும் என்று சட்டமே இருக்கிறது. அம்மா வருத்தப்படுவார், தெரியும். ஓரியூர் கோயில் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டு வரச் சொல்லுங்கள். அல்வலாட் கோயில் பங்குச்சாமியிடம் நான் கூடவே வந்து பேசுகிறேன். எனக்கு இந்த ஊர்ப் பேச்சு வரும்.

இறைச்சி, பால் சேர்ந்த பலகாரம், நெய் இதெல்லாமும் பெட்டியில் வேண்டாம். கறிவேப்பிலையும் வேண்டாம். மீனுக்குத் தடை இல்லை, ஆளுக்கு 20 கிலோ வரை கொண்டு வரலாம். பெட்டியில் இடம் இருந்தால் நெத்திலிக் கருவாடு ஒரு அரைக் கிலோ, நன்றாகக் காய்ந்ததாக, இரண்டு கவர் போட்டுக் கட்டி. நாலு வருடமாகிறது. எட்டாம் தேதி எந்த விமானம் என்று மட்டும் சொல்லுங்கள், இறங்கும் இடத்துக்கே வந்து நிற்கிறேன். பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன்.