கொத்துக்கறி பாஸ்தா: நாலு பேருக்குக் கால் கிலோ கறி போதுமா?

அடுப்படிவாசி கேட்டது:

நாலு பேருக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கறி சாஸ் போட்ட பாஸ்தா செய்யணும். கறி கால் கிலோவைத் தாண்டக் கூடாது. பாட்டில் சாஸ் வேண்டாம், வைன் கிடையாது, ஓவனும் இல்லை. ரெண்டு இடத்துல இடிக்குது. கொத்துக்கறியைச் சட்டியில போட்டதும் தண்ணி விட்டு வெந்துடுது, சிவக்க மாட்டேங்குது. சாஸ் புளிப்பா இருக்கு, பாஸ்தாவில ஒட்டாம தட்டுக்கு அடியில தண்ணியா தேங்குது. மட்டன் வாங்கறதா, சிக்கனா?

கல்சட்டி:

மட்டன் 200 கிராமே போதும், அதைச் சரியா வறுக்கணும், அவ்வளவுதான். கறி தண்ணி விட ரெண்டு காரணம். கொத்தின கறியைக் கழுவுறது ஒண்ணு, சின்னச் சட்டியில மொத்தத்தையும் கொட்டுறது இன்னொண்ணு. முழுத்துண்டாக் கழுவி, ஈரத்தைத் துடைச்சுட்டுக் கொத்தறதுதான் நல்லது. கடையிலேயே கொத்தி வாங்கிக் கழுவிட்டீங்கன்னா வடிதட்டுல கால் மணி நேரம் வச்சு, கையால அழுத்திப் பிழிஞ்சுடுங்க.

அகலமான இரும்புச் சட்டியை நல்லாக் காய வச்சு, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, பாதிக் கறியை மட்டும் பரப்புங்க. மூணு நாலு நிமிஷம் கரண்டியை வைக்கவே கூடாது. முதல்ல தளதளன்னு கொதிக்கிற சத்தம் வரும். தண்ணி வத்தினதும் அது பொரியற சத்தமா மாறும். அதுக்கப்புறம்தான் நிறம் ஏறும். அடி பழுப்பானதும் திருப்பி விட்டு எடுத்துட்டு மீதியைப் போடுங்க. கடைசியில கால் டம்ளர் தண்ணி ஊத்தி, சட்டியில ஒட்டினதைச் சுரண்டி எடுத்து வச்சுக்கோங்க. ருசியில பாதி அதுலதான் இருக்கு. தக்காளியை மட்டும் இரும்புச் சட்டியில விடாதீங்க, புளிப்பு இரும்பைக் கரைச்சு ஒரு மாதிரி ருசி கொடுக்கும்.

மிச்ச வேலை குக்கர்ல. ரெண்டு ஸ்பூன் எண்ணெய், பொடியா நறுக்கின பெரிய வெங்காயம் 1, துருவின கேரட் 1, சின்னத் தீயில பத்து நிமிஷம். கேரட்டைக் குறைக்காதீங்க, தக்காளிப் புளிப்பை அடக்குறது அதுதான். அஞ்சு பல் பூண்டு, வறுத்த கறி, சுரண்டின தண்ணி, அப்புறம் பால் 100 மில்லி. பால் சுண்டி வத்தணும். தக்காளிக்கு அப்புறம் ஊத்தினா திரிஞ்சுடும், அதனால முன்னாடியே. பாலான்னு யோசிக்காதீங்க: இத்தாலியச் சமையல் அகாடமி 1982ல பொலோனியா நகர வணிகச் சபையில பதிவு செஞ்ச ராகு (அவங்க ஊர்க் கறி சாஸ்) செய்முறையிலும் பால் உண்டு. அதுல கறி தூக்கல், தக்காளி கொஞ்சம்தான். பட்ஜெட்டுக்காக நாம அதைத் திருப்பிப் போடறோம்.

அடுத்து, ஊறவச்ச மைசூர் பருப்பு 3 மேசைக்கரண்டி, ஒன்றரை டம்ளர் தண்ணி, மூணு விசில். பருப்பு கரைஞ்சு சாஸைக் கெட்டியாக்கும், கறி அளவும் கூடின மாதிரி தெரியும். தக்காளியோட சேர்த்து வேக வச்சா புளிப்புல பருப்பு சீக்கிரம் வேகாது. மூடியைத் திறந்தப்புறம் 600 கிராம் பெங்களூர் தக்காளியை அரைச்சு ஊத்தி, திறந்தபடியே 25 நிமிஷம். நாட்டுத் தக்காளி வேண்டாம், அதுல சாறும் புளிப்பும் ஜாஸ்தி. கரண்டியால அடியில ஒரு கோடு கிழிச்சா உடனே மூடிக்கக் கூடாது, ஓரத்துல எண்ணெய் பிரியணும். அப்பவும் புளிச்சா அரை ஸ்பூன் சர்க்கரை.

மிளகுத்தூள்:

சாஸ் பத்தி எல்லாம் வந்துடுச்சு, நான் பாஸ்தாவுக்கு வரேன். தட்டுல தண்ணி தேங்கறதுக்கு சாஸ் மட்டும் காரணம் இல்லை. பாஸ்தாவைத் தனியா வேக வச்சு, பச்சைத் தண்ணியில அலசி, மேல சாஸ் ஊத்தினா எப்படி ஒட்டும்? ஒட்ட வைக்கிறதே அந்த மாவுச்சத்துதான், அலசினா அது போயிடும். வேகற தண்ணியில எண்ணெய் விடறதும் வீண், மேல மிதக்கும், அவ்வளவுதான்.

350 கிராம் பாஸ்தாவுக்கு 3 லிட்டர் தண்ணி, 30 கிராம் உப்பு. கேஸ் மிச்சம் பண்ணணும்னா 2 லிட்டர்லயும் செய்யலாம்; உப்பை 20 கிராமாக் குறைச்சு, முதல் ரெண்டு நிமிஷம் விடாம கிளறுங்க. பாக்கெட்ல 10 நிமிஷம்னு இருந்தா 8ல எடுத்துடுங்க. வடிக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணியில ஒரு டம்ளர் எடுத்து வைங்க. பாஸ்தாவைச் சாஸ்ல போட்டு, அந்தத் தண்ணி அரை டம்ளர் ஊத்தி, பெரிய தீயில ரெண்டு நிமிஷம் புரட்டுங்க. தண்ணியும் எண்ணெயும் ஒண்ணாகி வழவழன்னு பாஸ்தா மேல படியும். சாஸ்ல உப்பு குறைவாவே இருக்கட்டும், இந்தத் தண்ணியிலேயே இருக்கு.

வாங்கும்போது பாக்கெட் பின்னாடி டியூரம் கோதுமை ரவைன்னு போட்டிருக்கான்னு பாருங்க. மைதா கலந்தது விலை கம்மிதான், சாஸ்ல புரட்டும்போதே குழைஞ்சிடும்.

தொடைக்கறி:

மட்டன் விலைக்குச் சிக்கன்தான் கட்டுப்படியாகும். ஆனா நெஞ்சுக்கறி வாங்காதீங்க, சாஸ்ல மரத்தூள் மாதிரி ஆயிடும். எலும்பு எடுத்த தொடைக்கறி 250 கிராம் வாங்கி, முக்கால் மணி நேரம் ஃப்ரீசர்ல இறுக வச்சு, மிக்ஸியில விட்டு விட்டு நாலு சுத்து. ஒரேயடியா ஓட்டினா விழுதாயிடும். வறுக்கற முறை அதேதான். குக்கர் தேவையில்லை, தக்காளியோட 20 நிமிஷம் வெந்தாப் போதும்.

பருப்புல எனக்கு உடன்பாடு இல்லை, சாஸ் கூட்டு மாதிரி ஆயிடுது. குட்டி மீல் மேக்கர் 30 கிராமைக் கொதிநீர்ல அஞ்சு நிமிஷம் போட்டு, ரெண்டு தடவை பிழிஞ்சு, மிக்ஸியில ஒரு சுத்து விட்டு, கறியோடயே வறுங்க. பிழியலைன்னா அந்த வாடை போகாது.

கல்சட்டி:

3 கரண்டிக்கு மேல போனாத்தான் கூட்டு. மீல் மேக்கர் கறியோட எண்ணெயை உறிஞ்சிடும், இன்னொரு ஸ்பூன் சேர்த்துக்கோங்க.

அடுப்படிவாசி:

ரொம்ப நன்றி. வாசனைக்கு என்ன போடறது? பிரிஞ்சி இலை, கரம் மசாலா? சீஸ் இல்லாம ஒப்பேத்த முடியுமா? சாஸ் மிஞ்சினா?

மிளகுத்தூள்:

கரம் மசாலா போட்டா அது கீமா, நல்லாத்தான் இருக்கும், ஆனா வேற சாப்பாடு. நம்ம பிரிஞ்சி இலையும் வேண்டாம், பட்டை வாசனை தூக்கிடும். பீட்சாவோட வர்ற ஒரிகானோ பாக்கெட் ரெண்டு இருந்தா தாராளம். இல்லைன்னா கற்பூரவல்லி அரை இலையைப் பொடியா நறுக்கி, சாஸோட கடைசி அஞ்சு நிமிஷத்துல போடுங்க. ரெண்டுலயும் இருக்கற கார்வக்ரால்ங்கற வாசனைப் பொருள்தான் அந்த மணத்தைக் கொடுக்குது. முழு இலை போட்டா சளிக் கஷாயம் ஞாபகம் வரும்.

சீஸுக்குப் பதிலா, காய்ஞ்ச பிரெட் ரெண்டு துண்டை உதிர்த்து, ஒரு ஸ்பூன் எண்ணெய், ஒரு பல் பூண்டோட மொறுமொறுன்னு வறுத்துத் தூவுங்க. தெற்கு இத்தாலியில ஏழை வீட்டுப் பழக்கம் இது. ரஸ்க் இனிக்கும், ஆகாது.

தொடைக்கறி:

சாஸை மட்டும் தனியா எடுத்து வைங்க, பாஸ்தா கலந்துட்டா மறுநாள் ஊறிக் களியாயிடும். ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல மூணு நாள், ஃப்ரீசர்ல ரெண்டு மாசம். வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க. சூடு பண்ணும்போது கொஞ்சம் தண்ணி விட்டு நல்லாக் கொதிக்க விடுங்க. தோசைக்கும் தொட்டுக்கலாம்.