டெஸ்ட் கிரிக்கெட்டில் தடுத்தாடுவது வீணா?

கேள்வி (அல்சூர், பெங்களூரு): என் மகனுக்கு 13 வயது, தொடக்க ஆட்டக்காரன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை மட்டையை உயர்த்தி விட்டுவிடுவதில் அப்படியொரு நிதானம். பயிற்சியாளரோ, "ஓட்டத்தை யார் எடுப்பது?" என்று கடிந்துகொள்கிறார். அவன் ஆட்டத்தை மாற்றச் சொல்லலாமா?

பதில் (ஜெயநகர்): அடிக்கப் பழகட்டும், ஐயா. 2008இல் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் சேவாக் 68 பந்தில் 83 எடுத்ததால்தான் 387 என்ற இலக்கு கைக்கெட்டியது.

பதில் (சிவாஜிநகர்): சேவாக் அருமைதான். ஆனால் 2017 மார்ச்சில் நம் சின்னசாமி மைதானத்தில் நடந்ததை மறக்கலாமா? ஒரு பந்து எகிறும், அடுத்தது கணுக்காலுக்குத் தாழும். முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியாவைவிட இந்தியா 87 ஓட்டம் பின்தங்கிய நிலையில் புஜாரா 221 பந்து நின்று 92 எடுத்தார். ரஹானேயுடன் 118 சேர்த்தார். அதனால்தான் ஆஸ்திரேலியாவுக்கு 188 என்ற இலக்காவது வைக்க முடிந்தது. அவர்கள் 112க்குச் சுருண்டார்கள். அஸ்வினின் 6 விக்கெட்டைக் கொண்டாடுகிறோம், அந்த 92ஐ யார் பேசுகிறார்கள்? எனக்கு அது ஆறாத வருத்தம். உங்கள் பையன் மட்டைக்கு அருகே விழும் எளிய பந்தை (ஹாஃப் வாலி) அடிக்கிறானா? அடித்தால் அவனை மாற்றாதீர்கள்.

கேட்டவர்: கவர் திசையில் விளாசுவான், அண்ணா. பயிற்சியாளரிடம் பேசுகிறேன்.