சுங்க அதிகாரிகளின் பயிற்சி வகுப்பில் ஏற்றுமதியாளர் எதைப் பேசலாம்?

ஆத்தங்குடிப் பட்டறைக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அவ்வப்போது வெளிநாட்டுக்கும் கல் அனுப்புகிறேன். புதிதாகப் பணியில் சேர்ந்த சுங்க அதிகாரிகளின் பயிற்சியில், வணிகர் தரப்பிலிருந்து ஒரு மணி நேரம் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். தலைப்பு 'நவீன எல்லை மேலாண்மையும் வணிகத்தை எளிதாக்கலும்'. சட்டப் பிரிவுகளை அவர்களுக்குச் சொல்லித்தரும் தகுதி எனக்கு இல்லை. குறைகளை அடுக்கிவிட்டு வரவும் விருப்பமில்லை. சென்ற ஆண்டு எங்கள் ஷிப்பிங் பில்லை (சுங்கத்திடம் தரும் ஏற்றுமதி ஆவணம்) பார்த்த இளம் அதிகாரி ஒருவர், "டைல்ஸ்தானே, ஏன் பீங்கான் தலைப்பில் போடவில்லை?" என்று கேட்டார். நாங்கள் விளக்கம் எழுதிக் கொடுத்து முடிப்பதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது. அவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும்படி எதைச் சொல்லலாம்?

கானாடுகாத்தான், ஓய்வுபெற்ற சுங்கக் கண்காணிப்பாளர்:

தம்பி, அந்த அதிகாரி கேட்ட கேள்வியையே வகுப்பில் முதலில் வையுங்கள். சுங்கத் தீர்வை அட்டவணையின் 69ஆம் அத்தியாயம், உருவாக்கிய பிறகு சூளையில் சுட்ட பொருள்களுக்கு மட்டுமே உரியது என்று அதன் முதல் குறிப்பே கூறுகிறது. ஆத்தங்குடிக் கல் நெருப்பைக் கண்டதே இல்லை. கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் பொருள் அது; ஆகவே அதன் இடம் சிமெண்டுப் பொருள்களுக்கான 6810 என்ற தீர்வைத் தலைப்பு. பீங்கான் ஓடுகளுக்கு 6907. ஒரு கல்லை இரண்டாக உடைத்து எடுத்துச் செல்லுங்கள். உடைந்த விளிம்பில் மேலே மெல்லிய வண்ணப் படலமும் கீழே சாம்பல் நிறச் சிமெண்டும் தெரியும். அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர் பிறகு 6907 என்று சொல்லமாட்டார். இது வெறும் எண் விவகாரம் அன்று. இந்தியப் பீங்கான் ஓடுகள் மீது ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி (மலிவு விலையில் சரக்கு வந்து குவிவதைத் தடுக்கும் கூடுதல் வரி) விதித்திருக்கிறது. நம் காகிதத்தில் தலைப்பு தவறினால், அங்கே வாங்குபவர் தமக்குச் சேராத வரியைக் கட்ட நேரிடலாம்.

முறைமைகளைப் பற்றி நீங்கள் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2013இல் பாலி மாநாட்டில் இறுதியாகி, 2016இல் இந்தியா ஏற்று, 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் வணிக வசதி உடன்பாட்டை அவர்கள் பாடமாகவே படிப்பார்கள். எல்லாப் பெட்டிகளையும் திறக்காமல் ஐயத்துக்கு இடமானவற்றை மட்டும் கணினி தேர்ந்தெடுக்கும் இடர் மேலாண்மை முறை, நம் நாட்டில் 2005இலேயே தொடங்கிவிட்டது. இறக்குமதியில், வேறு ஊர் அதிகாரி கணினி வழியே ஆவணங்களைப் பார்க்கும் முகமறியா மதிப்பீடு 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கி, அவ்வாண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் பரவியது. ஆந்திரத்தின் பாலசமுத்திரத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட நாசின் (சுங்க, மறைமுக வரி அதிகாரிகளுக்கான தேசியக் கழகம்) பயிற்சி வளாகத்தைப் பற்றிக் கேட்டால், எங்கள் காலத்தில் இப்படி இல்லையே என்று பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இவற்றால் மிச்சமான நேரம் சரக்கை அறிந்துகொள்வதில் செலவாக வேண்டும் என்பது என் கருத்து. வேறு ஊரில் அமர்ந்து மதிப்பிடும் அதிகாரி பொருளைக் காண்பதே இல்லை. சரக்கைப் பழகியறியாதவருக்கு, விவரிப்பில் எது விடுபட்டிருக்கிறது என்பதும் தெரியாது.

தேவகோட்டை, கஸ்டம்ஸ் புரோக்கர் (தூத்துக்குடி):

ஐயா சொல்வதில் மறுப்பில்லை. ஆனால் என் அனுபவத்தில், தாமதம் பெரும்பாலும் வகைப்பாட்டில் மட்டும் வருவதில்லை. அந்த உடன்பாட்டின் 8ஆம் பிரிவு எல்லையில் பணிபுரியும் துறைகள் ஒன்றோடொன்று ஒத்துழைக்க வேண்டும் என்கிறது; பல துறைகளின் அனுமதியையும் ஒரே இடத்தில் கோரும், இறக்குமதிக்கான ஒற்றைச் சாளர முறையும் 2016 முதல் இருக்கிறது. இருந்தும் பயிற்சியில் சுங்கச் சட்டத்தைக் கற்கும் அளவுக்குத் தாவரத் தனிமைப்படுத்தல் (செடி, மரம் வழியே பூச்சியும் நோயும் பரவாமல் தடுப்பது) போன்ற பிற துறைகளின் விதிகளை அவர்கள் கற்பதாகத் தெரியவில்லை. உங்கள் கல்லுக்கு அந்த விதி பொருந்தாது, ஆனால் கல் அடுக்கிய மரப்பெட்டிக்குப் பொருந்தும். மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும், அல்லது ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். அதற்கான, தானியக் கதிர் உருவம் கொண்ட முத்திரையும் நாட்டுக் குறியீடும் பெட்டியில் பதிந்திருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டியை அயல் துறைமுகத்தில் திருப்பி அனுப்பவும் கூடும். ஒரு பலகைத் துண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

இன்னொன்றையும் பணிவாகச் சொல்லுங்கள்: ஐயங்களைத் தவணை முறையில் கேட்க வேண்டாம். இன்று ஒரு வினா, அதற்குப் பதில் வந்ததும் நாளை மற்றொன்று என்று நீளும்போதுதான் கன்டெய்னர் வாடகை ஏறுகிறது. எங்கள் தரப்பும் யோக்கியம் என்று சொல்லமாட்டேன். பழைய பில்லின் விவரிப்பை அப்படியே ஒட்டி அனுப்பும் புரோக்கர்கள் உண்டு.

காரைக்குடி, பழம்பொருள் கடை:

எல்லோரும் விரைவைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் தொழிலில் அதிகாரி நிதானிக்க வேண்டிய இடமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் அந்த வரையறைக்குள் வரும். செட்டிநாட்டு வீடுகளோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து 1940கள் வரை கட்டப்பட்டவை. ஒரே தெருவில் பிரித்த இரண்டு நிலைக்கதவுகளில் ஒன்று தடைக்குள் வரும், மற்றொன்று வராது. 1930இல் செய்த கதவு 2030இல் எல்லையைத் தொட்டுவிடும். அதனால்தான் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அன்று' என்ற சான்று வாங்குகிறோம். சான்றில் உள்ள படமும் பெட்டிக்குள் இருக்கும் பொருளும் ஒன்றுதானா என்று கீல், குமிழ் வரை ஒப்பிட்டுப் பார்க்க அவர்களைப் பழக்குங்கள்.

மரமும் முக்கியம். தேக்குக்கு சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) கட்டுப்பாடு இல்லை. ஆனால் தோதகத்தி (ரோஸ்வுட்) அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் ஏறக்குறைய முழுவதும் 2017 முதல் அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மெருகு பூசிய பின் இரண்டையும் நிறத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். கையில் தூக்கினால் தோதகத்தியின் கனம் தெரியும்.

ஆத்தங்குடிப் பட்டறைக்காரர்:

மூவருக்கும் நன்றி. உடைந்த கல், முத்திரையிட்ட பலகை இரண்டும் என்னிடமே உள்ளன. ஆச்சி, தேக்கிலும் தோதகத்தியிலும் ஒரே அளவில் ஒவ்வொரு துண்டு இரவலாகக் கிடைக்குமா?

காரைக்குடி, பழம்பொருள் கடை:

கிடைக்கும் தம்பி. உடைந்த ஜன்னல் சட்டங்களிலிருந்து அறுத்து வைக்கிறேன். பாதி மெருகோடும் பாதி இழைத்தும் தருகிறேன், ஒப்பிட வசதியாக இருக்கும். சனிக்கிழமை பிற்பகலில் வாருங்கள், காலையில் கடையில் கூட்டம் இருக்கும்.