வாஷிங்டன் மாநிலக் காங்கிரஸ் தொகுதிகள்: ஆகஸ்ட் வாக்குச்சீட்டை விட்டுவிடலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகள் விசாவிலும், பிறகு கிரீன் கார்டிலும் காலம் கழித்துவிட்டு, சென்ற குளிர்காலத்தில்தான் குடியுரிமை உறுதிமொழி எடுத்துக்கொண்டேன். சியாட்டிலுக்குக் கிழக்கே, எட்டாவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதியில் வசிக்கிறேன். 2026-இல் முதன்முறையாக வாக்களிக்கப் போவதால், முந்தைய தேர்தல் முடிவுகளை எடுத்து வைத்துப் படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது.

2024 நவம்பரில் நான்காவது தொகுதியில் மோதிக்கொண்ட இருவருமே குடியரசுக் கட்சியினர். 2016-இல் ஏழாவது தொகுதியில் நின்ற இருவருமே ஜனநாயகக் கட்சியினர். கட்சிக்கு ஒரு வேட்பாளர் என்பதல்லவா நாம் அறிந்த தேர்தல்? கட்சித் தலைமை இதை எப்படி அனுமதிக்கிறது? வாக்குச்சீட்டிலும் "குடியரசுக் கட்சி வேட்பாளர்" என்று போடாமல் "குடியரசுக் கட்சியை விரும்புகிறார்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். விரும்புவதற்கும் வேட்பாளராக இருப்பதற்கும் என்ன வேறுபாடு?

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. வேறு மாநிலங்களில் இருக்கும் நண்பர்கள், ஆகஸ்டில் நடக்கும் பிரைமரி (நவம்பர் தேர்தலுக்கு முந்தைய முதற்கட்டத் தேர்தல்) என்பது கட்சிக்காரர்களின் உள்வீட்டு விவகாரம், நீ நவம்பரில் வாக்களித்தால் போதும் என்கிறார்கள். ஆகஸ்ட் வாக்குச்சீட்டை விட்டுவிடலாமா?

பதில் 1

வாழ்த்துகள், நண்பரே. ஆகஸ்ட் வாக்குச்சீட்டை விட்டுவிடாதீர்கள். உங்கள் நண்பர்கள் சொல்வது அவரவர் மாநிலத்துக்குச் சரியாக இருக்கலாம், இங்கே பொருந்தாது.

வாஷிங்டனில் வாக்காளராகப் பதிவு செய்யும்போது எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை. ஆகஸ்ட் மாத முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் பிரைமரியில் எல்லா வேட்பாளர்களின் பெயர்களும் ஒரே பட்டியலில் வரும், எல்லா வாக்காளர்களும் அந்த ஒரே பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள், முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் நவம்பருக்குப் போவார்கள். ஆகவே இது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலே அல்ல. இரண்டு சுற்றுத் தேர்தலின் முதல் சுற்று என்று கொள்வதே பொருத்தம். கலிபோர்னியாவிலும் 2012 முதல் ஏறத்தாழ இதே முறைதான்.

கட்சித் தலைமை எப்படி அனுமதித்தது என்று கேட்டீர்கள். அனுமதிக்கவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். 1935 முதல் இம்மாநிலத்தில், ஒரே வாக்குச்சீட்டில் ஒவ்வொரு பதவிக்கும் எந்தக் கட்சிக்காரரை வேண்டுமானாலும் குறிக்கும் பிரைமரி இருந்தது. அப்போது கட்சிக்கு ஒருவர் நவம்பருக்குப் போவார். அடுத்த கட்சியின் ஆதரவாளர்கள் எங்கள் வேட்பாளரைத் தீர்மானிப்பதா என்று கட்சிகள் வழக்குத் தொடுக்க, கலிபோர்னியாவில் அதே போன்ற முறையை 2000-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்ததை ஒட்டி, 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாஷிங்டன் முறையையும் ரத்து செய்தது. மக்களோ விடவில்லை. 2004-இல் நேரடி வாக்கெடுப்பில் இன்றைய "முதல் இருவர்" முறையை நிறைவேற்றினார்கள். கட்சிகள் மறுபடியும் வழக்குத் தொடுத்தன. 2008-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்த "விரும்புகிறார்" என்ற சொல்லின் பொருளும் அந்த வழக்கில்தான் இருக்கிறது. கட்சி ஒருவரை நியமித்தது என்று அரசு சொல்வதில்லை. வேட்பாளர் எந்தக் கட்சியை விரும்புவதாக மனுவில் எழுதினாரோ அதை அப்படியே அச்சிடுகிறது, அவ்வளவுதான். கட்சிக்கு அவரைப் பிடிக்காவிட்டாலும் தடுக்க முடியாது. 2008 ஆளுநர் தேர்தலில் டினோ ராஸி குடியரசுக் கட்சி என்று எழுதாமல் அதன் செல்லப்பெயரான "ஜி.ஓ.பி." கட்சியை விரும்புவதாக எழுதினார், இரண்டும் ஒன்றுதான் என்று அறியாத வாக்காளர்களும் இருந்தார்கள் என்பதால் அது ஒரு சர்ச்சையாகவே ஆனது.

நான் இருப்பது மூன்றாவது தொகுதி, கொலம்பியா ஆற்றங்கரை வான்கூவர் (கனடாவில் இருப்பது அல்ல). ஆகஸ்ட் எப்படிப்பட்ட மாதம் என்பதை 2022-இல் நாங்கள் கண்கூடாகப் பார்த்தோம். ஜெய்மி ஹெரேரா பியூட்லர் 2010 முதல் தொடர்ந்து வென்றுவந்த குடியரசுக் கட்சி உறுப்பினர். 2021 ஜனவரியில் டிரம்ப் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டை ஆதரித்து வாக்களித்த பத்துக் குடியரசுக் கட்சியினரில் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டே அவரை எதிர்த்து, டிரம்பின் ஆதரவோடு ஜோ கென்ட் நின்றார். ஹைடி செயின்ட் ஜான் என்ற இன்னொரு குடியரசுக் கட்சி வேட்பாளரும் கணிசமாக வாக்குகளைப் பிரித்தார். எண்ணி முடிக்க நாள் கணக்கில் ஆயிற்று. கடைசியில் கென்ட் இரண்டாமிடம், ஹெரேரா பியூட்லர் மூன்றாமிடம். இடைவெளி ஆயிரம் வாக்குகளுக்குச் சற்று மேல், அவ்வளவே. முதலிடம் பிடித்தவர், கணவரோடு வாகனப் பழுதுபார்க்கும் கடை நடத்திவந்த ஜனநாயகக் கட்சியின் மேரி குளூசன்காம்ப் பெரெஸ். நவம்பரில் அவர் கென்டைச் சுமார் 2,600 வாக்குகளில் வென்றார், 2024-இலும் மறுபடி வென்றார். டிரம்ப் முன்னிலை பெற்ற தொகுதி இது என்பதை நினைவில் வையுங்கள். நவம்பரில் வாக்களித்தால் போதும் என்று அந்த ஆகஸ்டில் வீட்டில் இருந்துவிட்ட ஹெரேரா பியூட்லர் ஆதரவாளர்கள் எத்தனை பேரோ!

பதில் 2

மேலே எழுதியவர் மூன்றாவது தொகுதியைச் சொன்னார். கேட்டவர் எட்டாவது தொகுதிக்காரர் என்பதால் அவருடைய சொந்தத் தொகுதிக் கதையையே சொல்கிறேன்.

1980-களில் உருவான நாளிலிருந்து 2018 வரை எட்டாவது தொகுதி குடியரசுக் கட்சியின் கையிலேயே இருந்தது. அவ்வாண்டு, உறுப்பினராக இருந்த டேவ் ரைகர்ட் இனிப் போட்டியிடுவதில்லை என்று விலகியதும் களம் திறந்துகொண்டது. மேலே குறிப்பிட்ட அதே டினோ ராஸி குடியரசுக் கட்சி சார்பில் நின்று பிரைமரியில் 43 விழுக்காட்டோடு முதலிடம் பிடித்தார். ஜனநாயகக் கட்சிப் பக்கமோ வாக்குகள் சிதறின: குழந்தை மருத்துவர் கிம் ஷ்ரையருக்கும் வழக்கறிஞர் ஜேசன் ரிட்டரைசருக்கும் ஆளுக்குச் சுமார் 18 விழுக்காடு, ஷானன் ஹேடருக்கு அதைவிடக் குறைவு. ஷ்ரையர் மிகச் சிறிய இடைவெளியில் இரண்டாமிடம் பெற்று, நவம்பரில் ராஸியை வென்றார். அன்றிலிருந்து இன்றுவரை அவரே உறுப்பினர். அந்தக் கொஞ்ச வாக்குகள் வேறு பக்கம் விழுந்திருந்தால் இன்று உங்கள் பிரதிநிதியின் பெயர் வேறாக இருந்திருக்கக்கூடும்.

ஒரே கட்சியினர் இருவர் மோதும் விஷயத்துக்கு வருவோம். கேஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே நான்காவது, ஐந்தாவது தொகுதிகள் குடியரசுக் கட்சியின் கோட்டைகள்; மேற்கே சியாட்டிலை உள்ளடக்கிய ஏழாவது தொகுதி ஜனநாயகக் கட்சியின் கோட்டை. இப்படிப்பட்ட இடத்தில் வழக்கமான பிரைமரி இருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்துவிடும், நவம்பர் வெறும் சடங்காகிவிடும். "முதல் இருவர்" முறையில் அப்படியல்ல. எதிர்க்கட்சிக்கு ஆள் இல்லாத நவம்பரில் எதிர்க்கட்சி வாக்காளர்களே துருப்புச்சீட்டு ஆகிறார்கள். பதவிநீக்கத்துக்கு வாக்களித்த அந்தப் பத்துப் பேரில் நான்காவது தொகுதியின் டான் நியூஹவுஸும் ஒருவர். 2024 பிரைமரியில் டிரம்பின் ஆதரவு பெற்ற ஜெரோட் செஸ்லர் முதலிடம், நியூஹவுஸ் இரண்டாமிடம், டிஃபனி ஸ்மைலி மூன்றாமிடம். டிரம்ப் ஸ்மைலியையும் ஆதரித்திருந்தார் என்பது தனி வேடிக்கை. நவம்பரில் நியூஹவுஸ் வென்றார். இரண்டு குடியரசுக் கட்சியினரில் யார் பரவாயில்லை என்று பார்த்து வாக்களித்த ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களின் துணையின்றி அது நடந்திருக்காது என்பதே என் கணிப்பு. 2014, 2016 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் கிளின்ட் டிடியர் என்ற சொந்தக் கட்சிக்காரரையே நவம்பரில் எதிர்கொண்டு வென்றவர் அவர்.

ஏழாவது தொகுதியில் உறுப்பினராக இருந்த ஜிம் மெக்டெர்மட் ஓய்வு பெற்ற 2016-இல், சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும் பிராடி வாக்கின்ஷாவும் நவம்பருக்கு வந்தார்கள், ஜெயபால் வென்றார். அந்த ஒரு தேர்தலை மட்டும் நம்மவர்கள் எல்லாரும் கவனித்தார்கள்.

பதில் 3

முந்தைய இருவரும் இந்த முறையைப் புகழாத குறையாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

இம்முறையில் மக்களின் விருப்பத்தைவிடக் கூட்டல் கழித்தல் கணக்கே பல சமயம் முடிவு செய்கிறது. 2024-இல் மாநிலப் பொது நிலங்களின் ஆணையர் பதவிக்கு நடந்த பிரைமரியைப் பாருங்கள். காங்கிரஸ் பதவி அல்ல, ஆனால் அதே முறை. ஜனநாயகக் கட்சியினர் ஐந்து பேர், குடியரசுக் கட்சியினர் இரண்டு பேர். ஜனநாயகக் கட்சியினரின் வாக்குகளைக் கூட்டினால் பாதிக்கு மேல் வருகிறது, ஆனால் ஐந்தாகப் பிரிந்ததால் இரண்டு குடியரசுக் கட்சியினர் மட்டுமே நவம்பருக்குப் போகும் நிலை வந்துவிட்டது. கையால் மறு எண்ணிக்கை செய்த பிறகு ஜனநாயகக் கட்சியின் டேவ் அப்தெக்ரோவ் வெறும் 49 வாக்குகளில் இரண்டாமிடத்தைத் தக்கவைத்துக்கொண்டு, பிறகு நவம்பரில் வென்றார். முதலிடம் பிடித்திருந்தவர் யார் தெரியுமா? 2022-இல் இதே வாக்குச் சிதறலால் வீழ்ந்த அதே ஹெரேரா பியூட்லர்தான்.

சிறிய கட்சிகளின் நிலை இன்னும் மோசம். நவம்பர் வாக்குச்சீட்டில் அவற்றின் பெயரைப் பார்ப்பதே அரிது. மக்கள் அதிகமாகத் தேர்தலைக் கவனிக்கும் மாதத்தில் அவற்றுக்குப் பேசவே மேடை இல்லை. அலாஸ்காவில் 2022 முதல் நால்வரை நவம்பருக்கு அனுப்பி, வாக்காளர்கள் விருப்ப வரிசைப்படி எண்ணிடும் முறை இருக்கிறது. அவ்வாண்டு ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா, குடியரசுக் கட்சியினரான சாரா பேலின், நிக் பெகிச் ஆகியோர் போட்டியிட்ட விதத்தைப் படித்துப் பாருங்கள். அங்கும் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை ரத்து செய்ய 2024-இல் நடந்த வாக்கெடுப்பு ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில்தான் தோற்றது. ஆனாலும் வாக்குச் சிதறலுக்கு அது ஓரளவாவது மருந்து.

கேள்விக்கு என் பதிலும் அதேதான்: ஆகஸ்டில் வாக்களியுங்கள். முறை எனக்குப் பிடித்திருப்பதால் சொல்லவில்லை, பிடிக்காததால்தான் சொல்கிறேன்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஆகஸ்டைத் தவிர்க்கப் போவதில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். ஒன்று, வாக்கு சிதறும் என்றால், ஆகஸ்டில் எனக்குப் பிடித்தவருக்கு வாக்களிப்பதா, தேறக்கூடியவருக்கு வாக்களிப்பதா? இரண்டு, 2024-இல் அஞ்சல் உறையின் மேல் கட்சியைக் குறிக்க வேண்டியிருந்தது என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். கட்சிப் பதிவே இல்லை என்கிறீர்களே?

பதில் 1

இரண்டாவது ஐயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது எளிது. உங்கள் நண்பர் சொல்வது 2024 மார்ச்சில் நடந்த அதிபர் வேட்பாளர் பிரைமரி. அதிபர் வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாடுகளுக்கான பிரதிநிதிகளைக் கட்சிகள் பங்கிட்டுக்கொள்வதற்காக மாநிலம் நடத்துவது அது. அதற்கு மட்டும் உறையில் ஒரு கட்சியைக் குறித்தாக வேண்டும். ஆகஸ்டு பிரைமரியில் அதெல்லாம் கிடையாது. மேலும் 2026-இல் இம்மாநிலத்தில் செனட் போட்டியும் இல்லை. பாட்டி முர்ரே 2022-இலும் மரியா கேன்ட்வெல் 2024-இலும் ஆறாண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பிரதிநிதிகள் சபையின் பத்து இடங்களுக்கு மட்டுமே காங்கிரஸ் போட்டி.

முதல் ஐயத்துக்கு ஒரே பதில் இல்லை. நான் பின்பற்றும் வழியைச் சொல்கிறேன். மே மாதத்தில் வேட்புமனு வாரம் முடிந்ததும் பட்டியலைப் பார்ப்பேன். மனுக் கட்டணம் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு விழுக்காடு, காங்கிரஸ் உறுப்பினருக்கு 1,74,000 டாலர் சம்பளம் என்பதால் 1,740 டாலர். அதைக் கட்டிவிட்டுப் பெயருக்கு நிற்பவர்களும் உண்டு. எனக்கு ஏற்பான பக்கத்தில் ஒருவரோ இருவரோ மட்டும் உண்மையான போட்டியில் இருந்தால், பிடித்தவருக்கே வாக்களிப்பேன். நான்கைந்து பேர் நெருக்கமாக நின்றால், 2018-இல் உங்கள் தொகுதியில் நடந்ததை நினைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பேன். பதவியில் இருப்பவர் மீண்டும் நிற்கிறாரா என்பதே பெரும்பாலும் முதல் கேள்வி. அவர் நின்றால் அவர் பக்கத்து வாக்குகள் அதிகம் சிதறுவதில்லை. வீட்டுக்கு வரும் வாக்காளர் கையேட்டில் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றித் தாமே எழுதிய குறிப்பு இருக்கும்; அதை அரசு சரிபார்ப்பதில்லை என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

பதில் 2

ஒரு நடைமுறைச் செய்தியையும் சேர்த்துவிடுகிறேன். வாக்குச்சீட்டு தேர்தல் நாளுக்குப் பதினெட்டு நாட்களுக்கு முன்பே அஞ்சலில் அனுப்பப்படும். உறையில் போடும் கையொப்பத்தைப் பதிவில் இருக்கும் கையொப்பத்தோடு ஒப்பிடுவார்கள். நான் முதன்முறை வாக்களித்தபோது, தமிழில் கையெழுத்திட்டுப் பழகிய கை, ஓட்டுநர் உரிமத்துக்கு ஆங்கிலத்தில் போட்டது நினைவில்லாமல் தமிழிலேயே போட்டுவிட்டது. கவுண்டி (மாவட்டம் போன்றது) தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்து, படிவத்தில் மறுபடி கையொப்பமிட்டு அனுப்பிய பிறகே என் வாக்கு எண்ணப்பட்டது. முடிவுகளைக் கவுண்டி சான்றளிப்பதற்கு முன்பு அதைச் சரிசெய்துவிட வேண்டும், பிரைமரிக்கு அந்த அவகாசம் நவம்பரைவிடக் குறைவு. கடைசி நாள் வரை காத்திருந்தால் அஞ்சலில் சேர்க்காதீர்கள். இரவு 8 மணிக்குள் வாக்குப் பெட்டியில் நேரே போட்டுவிடுங்கள். 2026-இல் அந்த நாள் ஆகஸ்ட் 4.

கேட்டவர்

ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பார்த்தேன். நானும் ஆங்கிலத்தில்தான் போட்டிருக்கிறேன்.