தோர்தோன் பகுதிக் கிராமத்தில் ஒரு வாரம்: போய்வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிரான்ஸின் தோர்தோன் பகுதியில் ஒரு வாரம் தங்கப் போகிறோம். சர்லா ஊரிலிருந்து 8 கிலோமீட்டர் தள்ளி, வால்நட் தோப்புக்கு நடுவே ஒரு பழைய கல்வீடு. சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை வாடகை. படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேதான் இருக்கிறது.

எங்களிடம் கார் இல்லை. போர்தோவிலிருந்து சர்லா வரை ரயில் இருக்கிறது, சரி. அங்கிருந்து வீட்டுக்கும், மொந்திஞாக் ஊரில் உள்ள, ஆதிமனிதர் ஓவியங்களுக்குப் பேர்போன லாஸ்கோ குகைக்கும் எப்படிப் போவது? டாக்ஸிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமா? அசல் குகையை 1963இலேயே மூடிவிட்டார்கள். 2016இல் திறந்த நகல் குகையைத்தான் பார்க்கப் போகிறோம். அந்தக் காளை ஓவியங்களைப் பார்ப்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. 74 வயதுக்காரருக்கு அந்த நடை ஒத்துவருமா?

அப்புறம் சாப்பாடு. அம்மா சுத்த சைவம். அங்கே உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில் வறுக்கிறார்கள், அதனால் நாங்களே சமைத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு எல்லாம் பாரிஸில் லா ஷப்பெல் பகுதித் தமிழ்க் கடைகளிலேயே வாங்கிவிடுவோம். காய்கறிக்கு சர்லாவின் புதன், சனிச் சந்தை இருக்கிறது. ஆனால் நாங்கள் போய்ச் சேருவது சனி சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை பால், ரொட்டி பக்கத்தில் எங்கே கிடைக்கும்?