புதுப்பிப்பு: கண்டதையும் விழுங்கும் நாய்க்குட்டி

எங்கள் குட்டி சாக்ஸ், ஒயர், ரிமோட் எதையும் விடுவதில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது பரவாயில்லை. பண்டமாற்றுதான் கைகொடுத்தது. எதையாவது கவ்வினால் துரத்துவதில்லை. துரத்தினால் பிடுங்கிவிடுவோம் என்று அவசரமாக விழுங்கப் பார்க்கும். தின்பண்டத்தை மூக்கருகே நீட்டி "விடு" என்றால் போட்டுவிடுகிறது. சரி, சில சமயம் அதற்காகவே சாக்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறது, அது வேறு கதை.

பட்டன் பேட்டரி உள்ள பொருட்கள் எல்லாம் பூட்டிய அலமாரியில். உணவுக்குழாயில் சிக்கினால் சீக்கிரமே புண்ணாக்கிவிடும். அப்புறம், நூலை விழுங்கி நுனி வெளியே தெரிந்தால் இழுக்கக் கூடாது, குடலை அறுத்துவிடும், நேராக மருத்துவரிடம்தான்.

நிரந்தரப் பற்கள் முளைத்து முடிய 6, 7 மாத வயதாகும். கதவு நிலையைக் கடிப்பது மட்டும் நிற்கவில்லை. யோசனை இருந்தால் சொல்லுங்கள்.